நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்து 3 வாரம்: கஞ்சா புகைக்கலாமா?

சிகரெட்டை விட்டாச்சு, வலிக்குக் கஞ்சா மட்டும் இழுத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். வேண்டாம்.

எந்த இலையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். பின்னது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் புண் ஆறுவது தாமதமாகும். சளியை மேலே தள்ளும் மூச்சுக்குழாயின் நுண்ணிய மயிரிழைகள் புகையால் சோர்ந்தால் சளி தேங்கி நிமோனியா வரலாம். கஞ்சாவை ஆழமாக இழுத்து மூச்சை அடக்குவார்கள், அப்புறம் இருமல் பிய்த்துக்கொண்டு வரும். தையல் ஆறாத நுரையீரலுக்கு இது தாங்காது, காற்று கசியலாம்.

பலருக்குத் தோன்றாத ஒன்று: உலர்ந்த கஞ்சாவில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கலாம். பற்றவைத்தாலும் அதன் வித்துகள் எல்லாம் சாவதில்லை, புகையோடு நுரையீரலுக்குள் போகலாம்.

வலிக்கு மார்ஃபின் வகை மருந்து எடுத்தால், கஞ்சாவோடு சேர்ந்து மயக்கமும் கூடும். சரி, வலி? மருத்துவரிடம் சொல்லுங்கள், கஞ்சாப் பழக்கத்தை மறைக்காமல்.