ஹுமொக்: ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

செபுவானோ (பிலிப்பைன்ஸ் மொழி)–தமிழ்ச் சொற்பட்டியலில் ‘ஹுமொக்’ எதிரே சாஃப்ட், டெண்டர் என்று வரும் ஆங்கிலப் பொருள்களில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். எதையும் எடுக்க வேண்டாம். செபுவானோக்காரருக்கு அது ஒரே பொருள்: அழுத்தினால் இடம் கொடுப்பது. பிரிப்பது ஆங்கிலம்தான்.

சொல், அது எதைப் பற்றியது, தமிழ் என மூன்று நெடுவரிசை போடுங்கள். ஒரு சொல்லுக்குக் குறைந்தது 2 பண்டங்களோடு சோதியுங்கள். ஹுமொக் தலையணைக்கு ‘மெத்து’, இறைச்சிக்கு ‘நன்றாக வெந்த’. டன்லொக் ஈரத் தரைக்கு ‘வழுக்கும்’, சலுயொட் கீரைக்குக் ‘கொழகொழ’. நம் இரட்டைக்கிளவிகள் இங்கே ஆங்கிலத்தைவிட நன்றாகவே உட்காரும்.

ஆனால் செபுவானோச் சொல்லை இரட்டிப்பதில் ஒரு கண்ணி உண்டு. ஹுமொக்-ஹுமொக் என்றால் ‘ஓரளவு மெத்து’. சொல்லின் வலு அதிகமாகாது, குறையும். ‘மிகவும்’ வேண்டுமென்றால் பின்னால் ‘காயோ’ சேர்க்க வேண்டும்.

கஹி (கெட்டி) எளிது. ‘கஹி ஒக் உலோ’வைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தலைக்கனம் ஆக்கிவிடாதீர்கள், அது பிடிவாதம்.

‘பிலிட்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோக்கின் அகராதியைப் பார்த்தால் ‘கட்டாயம்’ என்று வரும். செபுவானோவில் அது ஒட்டும் தன்மை. புட்டோ மாயா என்ற பலகாரம் செய்யும் ஒட்டரிசிக்கும் அதே பெயர்.

ஜான் வுல்ஃபின் 1972 செபுவானோ அகராதியில் தேடும்போது ஒகரத்தை உகரமாக்கி ‘ஹுமுக்’ என்று தேடுங்கள். அதில் அ, இ, உ மட்டுமே உயிர்கள்.