முதலில் சீல், அப்புறம் ஷாக், கடைசியில்தான் பைப்

கேள்வி: 1987-ஆம் வருட ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர் குவாட் (ஹேண்டில் பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, மற்றபடி எல்லாம் கம்பெனி பாகம்தான். மோட்டோகிராஸ், அதாவது மேடுபள்ளமான மண்பாதைப் பந்தயத்தில் ஓட்ட ஆசை. புது எக்ஸாஸ்ட் பைப், பெரிய கார்புரேட்டர், சிலிண்டர் போர்ட்டிங் (சிலிண்டரின் வாயு வழிகளைச் செதுக்கி மாற்றுவது) என்று ஆரம்பிக்கலாமா? கையில் இருக்கும் பணத்தை முதலில் எதில் போடுவது?

பதில்: அருமையான வண்டி. 1986 முதல் 1989 வரை மட்டுமே வந்தது. 246 சிசி, தண்ணீர் குளிர்விப்பு, ஆறு கியர். எடை குறைவு என்பதால் இன்றைக்கும் இதைத் தேடிப்பிடித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பைப்பில் ஆரம்பிக்காதீர்கள். எஞ்சின் 'ஓடுகிறது' என்பது போதாது. இவ்வளவு வயதான டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல்களின் (கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்று புகாமல் அடைக்கும் வளையங்கள்) ரப்பர் கல்லாகியிருக்கும். காந்தப் பக்கத்து, அதாவது ஃப்ளைவீல் பக்கத்து சீல் ஒழுகினால் எஞ்சின் அந்த வழியாக வெறும் காற்றை இழுக்கும், கலவையில் பெட்ரோல் குறையும், நீங்கள் முழு த்ராட்டிலில் போய்க்கொண்டிருக்கும்போது பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். த்ராட்டிலை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றால் முதல் சந்தேகம் அங்கேதான்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது, கண்டிப்பாகச் செய்யுங்கள். கார்புரேட்டரையும் பைப்பையும் கழற்றி, இன்டேக் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, ஒன்றின் வழியாக 6 பி.எஸ்.ஐ. காற்றை ஏற்றிவிட்டு கேஜைப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஆறு நிமிடம் அப்படியே நின்றால் மிகவும் நல்லது, நிமிடத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகல். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் தடவிக்கொண்டே வாருங்கள்: சிலிண்டர் அடி கேஸ்கெட், ரீட் வால்வு இருக்கும் இடம், பிளக்கைச் சுற்றி, அப்புறம் ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு அதன் பின்னால் இருக்கும் சீல். குமிழி வரும் இடம்தான் குற்றவாளி. கியர்பாக்ஸின் மூச்சுக்குழாயைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து அதில் குமிழி வந்தால் கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது. அந்த வண்டி கியர் ஆயிலையும் சேர்த்துக் குடித்துப் புகைக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வையுங்கள், அங்கே குமிழி வந்தால் ஹெட் பக்கம் ஒழுகுகிறது. சிலிண்டரைக் கழற்றும்போது கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேலும் கீழும் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்க் வேலை செய்யாமல் வேறு எதற்கும் பணம் போடாதீர்கள்.

எஞ்சின் சரி என்று ஆன பிறகு பணம் போக வேண்டிய இடம் சேஸிஸ். கம்பெனியிலிருந்து வந்த அகலத்தில் இந்த வண்டி மோட்டோகிராஸ் வளைவில் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கும். பல பந்தய விதிகளில் வெளி டயரிலிருந்து வெளி டயர் வரை 50 அங்குலம், அதாவது 127 செ.மீ. வரை அனுமதி உண்டு. நீங்கள் ஓட்டப்போகும் பந்தயத்தின் விதியைப் படித்துவிட்டு அந்த எல்லைக்கு ஒட்டி வாருங்கள். முன்னால் நீளமான ஏ-ஆர்ம் (சக்கரத்தை ஃப்ரேமோடு இணைக்கும் கை), பின்னால் நீளம் மாற்றக்கூடிய ஆக்சில். செலவைக் குறைக்க வீலை மட்டும் வெளியே தள்ளும் ஸ்பேசர் போடலாமே என்று தோன்றும். பின்பக்கம் ஓரளவு தாங்கும். முன்னால் அப்படிச் செய்தால் பேரிங்கில் சுமை ஏறும், ஒவ்வொரு குழியும் ஹேண்டிலைப் பிடித்து இழுக்கும்.

நீளமான ஏ-ஆர்ம் போட்டுவிட்டு பழைய ஷாக் அப்சார்பரையே மாட்டுகிறவர்கள் நிறைய. ஆர்ம் நீண்டால் நெம்புகோல் நீண்டதுபோல, அதே ஸ்பிரிங் சக்கரத்துக்கு மெத்தென்று ஆகிவிடும், ஒவ்வொரு ஜம்ப்பிலும் அடித்தளம் வரை இறங்கி இடிக்கும். ஆகவே ஆர்மும் ஷாக்கும் ஒரே செலவு என்று கணக்குப் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து இப்போது முடியாது என்றால், இருக்கும் ஷாக்குகளைப் பிரித்து, புது ஆயில், புது சீல், நைட்ரஜன், உங்கள் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங் என்று சரி செய்துகொண்டு ஒரு சீசன் ஓட்டுங்கள். அதுவே பெரிய வித்தியாசம் தரும்.

அடுத்து சேக், அதாவது ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் உட்காரும் அளவு. முழு கவசமும் பூட்ஸும் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி நிற்கும்போது, சஸ்பென்ஷன் மொத்த இறக்கத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உட்கார வேண்டும். இது ஆரம்பப் புள்ளிதான், அங்கிருந்து பிரீலோடை (ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் அழுத்தம்) திருகிச் சரி பாருங்கள். ஷாக் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள், வளையம் எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். மிகப் பெரிய ஜம்ப்பில் மட்டும் ஏறக்குறைய முழுதாக இறங்கியிருந்தால் சரி. ஒவ்வொரு சுற்றிலும் இறங்கினால் ஷாக்கின் கம்ப்ரஷனை (அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பு) கூட்டுங்கள். இறங்கியதும் பின்பக்கம் உங்களை எட்டி உதைத்தால் ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்பி நீள்வது) வேகமாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள்.

டோ-இன், அதாவது முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, 3 முதல் 6 மி.மீ. போதும். வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, ஹேண்டில் நேராக இருக்க அளக்க வேண்டும். செயினை, முன் ஸ்பிராக்கெட் (செயின் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்ம் பிவட் (பின் சக்கரக் கை அசையும் அச்சு), ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் வைத்து இறுக்கம் பாருங்கள். அங்கேதான் செயின் அதிகபட்சம் இறுகும். வண்டி சும்மா நிற்கும் நிலையிலேயே பார்த்து இறுக்கினால் பாதையில் செயினோ பேரிங்கோ போய்விடும். இந்த வயது ஃப்ரேமைப் பெயின்ட் சுரண்டி வெல்டிங் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து, வண்டி நீங்கள் சொல்கிற இடத்துக்குப் போகிறது என்ற நிலையில் பைப் வாங்குங்கள், நடு வேகத்திலிருந்து இழுக்கும் பைப்பாக. உச்ச வேகத்தில் மட்டும் சீறும் பைப் வளைவிலிருந்து வெளியே வரும்போது படுத்துவிடும். பைப் மாற்றினால் ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

கேள்வி: ஜெட்டிங்கை எப்படிப் பார்ப்பது? பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் கொஞ்சம் கூடப் போட்டால் எஞ்சினுக்குப் பாதுகாப்புதானே?

பதில்: ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது, அதாவது கலவை வறண்டுபோகிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது நேரெதிராக முடியலாம். 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்று முடிவு செய்துகொண்டு (5 லிட்டருக்கு சுமார் 156 மி.லி.) அதையே பிடித்துக்கொண்டு ஜெட்டைச் சரிசெய்யுங்கள். பெரிய மெயின் ஜெட்டிலிருந்து (முழு த்ராட்டிலுக்கானது) ஆரம்பித்து, உச்சத்தில் கொர்கொர்ப்பு நிற்கும்வரை ஒவ்வொரு அளவாகக் கீழே வாருங்கள். முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அங்கேயே அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பழைய வழி, இன்றும் நம்பலாம். ஏர் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திறந்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் (குறைந்த த்ராட்டிலுக்கானது) சின்னது. இரண்டரைக்கு மேல் திறக்க வேண்டியிருந்தால் பெரியது. குளிர்ந்த காலையில் காற்று அடர்த்தி கூடும், நேற்று மதியம் பொருந்திய ஜெட் அன்று வறண்டதாக இருக்கும்.

கேள்வி: பின்னால் 20 அங்குல டயருக்குப் பதில் 18 அங்குலம் போட்டால் என்ன ஆகும்?

பதில்: மோட்டோகிராஸுக்கு அதுதான் வழக்கம். வண்டியின் பின்பக்கம் ஒரு அங்குலம் தாழும், வளைவில் நிலைப்படும். கூடவே கியரிங் பத்து சதவீதம் குட்டையாகிவிடும், ஆகவே டயர் மாற்றும் அதே நாளில் ஸ்பிராக்கெட்டில் கை வைக்காதீர்கள். பிற்பாடு மாற்றத் தேவைப்பட்டால், முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் என்பது பின்னால் ஏறக்குறைய மூன்று பல்லுக்குச் சமம் என்று நினைவில் வையுங்கள். காற்று பின்னால் சுமார் 5 பி.எஸ்.ஐ., முன்னால் சற்றுக் கூட. கார் டயர் கேஜ் இந்த அளவைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தக் கேஜ் தனியாக வாங்குங்கள்.

கேள்வி: யமஹா பான்ஷீ கிடைக்கிறது. இரட்டை சிலிண்டர் ஆயிற்றே, மோட்டோகிராஸில் அது மேல் இல்லையா?

பதில்: 347 சிசி, பலம் நிறையத்தான். ஆனால் அந்தப் பலம் மேல் வேகத்தில் குவிந்திருக்கிறது, மணல்மேட்டிலும் நேர் ஓட்டத்திலும் அதை மிஞ்சுவது கஷ்டம். இறுக்கமான வளைவுகள் உள்ள பாதையில் கிளட்ச்சை நழுவவிட்டே ஓட்ட வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ளப்போகிறவருக்கு 250 ஒற்றை சிலிண்டரைத்தான் சொல்வேன், ஹோண்டா கிடைக்காவிட்டால் 1985 முதல் 1992 வரை வந்த சுசுகி எல்டி250ஆர் இருக்கிறது.

கேள்வி: நெர்ஃப் பாரும் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் வரும் காவல் கம்பி) மணிக்கட்டில் கட்டும் கில் சுவிட்சும் (கயிறு இழுபட்டால் எஞ்சினை அணைப்பது) பயிற்சிக்கும் வேண்டுமா?

பதில்: வேண்டும். கால் பெடலிலிருந்து நழுவினால் நேராகப் பின் டயருக்கு முன்னால் விழும், வண்டி உங்கள் மேலேயே ஏறும். நெர்ஃப் பாரில் வலைப்பட்டை இல்லாவிட்டால் அதையும் சேர்த்துக் கட்டுங்கள். த்ராட்டில் சிக்கிக்கொண்ட குவாட் ஓட்டுகிறவர் விழுந்த பிறகும் நிற்காது, பாதையோரம் நிற்பவர்கள் மேல்தான் போகும். கயிறு இழுபட்டதும் எஞ்சின் அணைகிறதா என்று ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் இழுத்துப் பாருங்கள்.