குழந்தை வேண்டாம்னு இருக்கற பெண்கள் கேட்ட சட்டக் கேள்விகள் – சேலம் வக்கீல் அக்கா பதில்

அம்மாபேட்டை தங்கச்சி: அக்கா, எனக்கு குழந்தை ஆசையே வரலை. தப்பா?

ஒரு தப்பும் இல்ல கண்ணு. பெத்துக்கறதும் வேண்டாம்னு இருக்கறதும் பொம்பளையோட தனிமனித சுதந்திரம், அரசியல் சட்டம் 21வது பிரிவுல அடங்கும்னு உச்ச நீதிமன்றம் 2009லயே சொல்லிருச்சு. ஆடித் திருவிழாவுக்கு கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வர்ற சொந்தக்காரங்க "விசேஷம் ஏதும் இல்லையா"ன்னு கேட்கத்தான் செய்வாங்க, அவங்களுக்கெல்லாம் காரணம் சொல்லிட்டு இருக்காதீங்க.

ஆத்தூர்ல இருந்து: அடுத்த மாசம் நிச்சயம். மாப்ளகிட்ட இப்பவே சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்க, தரகர் மூலமா இல்ல, நேர்ல. கல்யாணத்துக்கு அப்புறம் ஒருத்தர் மட்டும் தன் இஷ்டத்துக்கு குழந்தையே வேண்டாம்னு மறுத்தா அது கொடுமையா ஆகலாம்னு 2007ல சமர் கோஷ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, விவாகரத்து கேஸ்ல அதைக் காட்டுவாங்க.

ஏற்காடு: கருத்தடை ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து கேட்கறாங்க.

அரசு வழிகாட்டு விதில கணவர் சம்மதம் தேவையில்ல. ஆனா அதே விதில ஒரு குழந்தையாவது இருக்கணும்னு இருக்கு, அதனால அரசு ஆஸ்பத்திரில மறுப்பாங்க. எனக்கு அது நியாயமாவே படலை. கர்ப்பப்பைக்குள்ள வைக்கற காப்பர்-டி 380ஏ போட்டா 10 வருஷம் தாங்கும், அந்தரா கருத்தடை ஊசி 3 மாசத்துக்கு ஒண்ணு, அரசு ஆஸ்பத்திரில ரெண்டும் இலவசம். டாக்டர்கிட்ட பேசுங்க.

செவ்வாய்பேட்டை, 52 வயசு: வீட்டுக்காரர் தவறிட்டாரு, குழந்தை இல்ல. கொலுசுப் பட்டறை நடத்தி நானே வாங்கின வீடு. எனக்கப்புறம் எங்கம்மாவுக்கும் தங்கச்சிக்கும்தானே வரும்?

வராதுங்க. தயவுசெஞ்சு இதை எல்லாரும் கவனிச்சுப் படிங்க. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 15வது பிரிவுப்படி பிள்ளையும் புருஷனும் இல்லாத பொம்பளை உயில் எழுதாம போய்ட்டா அவ சொந்தமா சம்பாதிச்சது கூட முதல்ல புருஷனோட வாரிசுகளுக்குப் போகும், பெத்த அம்மா அப்பா அதுக்கப்புறம்தான். அப்பா அம்மா வழியா வாரிசா வந்த சொத்து மட்டும் அப்பாவோட வாரிசுகளுக்குத் திரும்பும். இதே மாதிரி 2009ல ஓம் பிரகாஷ் வழக்குல, சின்ன வயசுலயே விதவையாகி புகுந்த வீட்டுல விரட்டப்பட்ட ஒரு அம்மா வேலை பார்த்து சேர்த்த பணத்தை அந்த வீட்டு ஆளுங்களுக்கே உச்ச நீதிமன்றம் கொடுத்துருச்சு. எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. ஒரு உயில் இருந்திருந்தா அது நடந்திருக்காது. வெள்ளைத்தாளே போதும், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும், உயில்படி சொத்து கிடைக்கப்போறவங்க சாட்சியா இருக்க வேண்டாம். பதிவு கட்டாயமில்ல, ஆனா சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சுட்டா பின்னாடி தகராறு குறையும். இந்த வாரமே எழுதுங்கக்கா. (கிறிஸ்தவங்க, முஸ்லிம்களுக்கு விதி வேற, தனியா கேளுங்க.)

சூரமங்கலம்: வயசான காலத்துல யார் பார்ப்பாங்க?

2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல, 60 வயசு ஆன பிள்ளை இல்லாதவங்க, தங்களோட சொத்தை அனுபவிக்கற அல்லது வாரிசா வாங்கப்போற சொந்தக்காரங்ககிட்ட ஜீவனாம்சம் கேட்கலாம், ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல நீங்களே மனு கொடுக்கலாம். அண்ணன் பையனுக்கு வீட்டை தானமா எழுதறதா இருந்தா "என்னைக் கடைசி வரை பார்த்துக்கணும்"ங்கற நிபந்தனையைப் பத்திரத்துலயே சேர்த்துடுங்க, அவன் பார்க்கலைன்னா ரத்து பண்ணச் சொல்லிக் கேட்க 23வது பிரிவுல வழி இருக்கு.