பியானோக்காரர் பெயர் என்ன?

கேள்வி: ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'விண்டர்ரைஸ' (குளிர்காலப் பயணம்) பாடல் தொகுதியில் ஒரே ஒரு பதிவு வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? எனக்கு ஜெர்மன் தெரியாது. 'ஃபிஷர்-டீஸ்காவ் பாடியதை வாங்கு, போதும். பக்கவாத்தியம் ஒரு பியானோதானே, அதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது' என்கிறார் நண்பர். (வாசகர், கோவை)

பதில்: உங்கள் நண்பரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: எந்த ஃபிஷர்-டீஸ்காவ்? அவர் இந்த 24 பாடல்களை பியானோக்காரர் ஜெரால்ட் மூருடன் 1955, 1962, 1971 என்று மூன்று முறை பதிவு செய்தார். 1965இல் யோர்க் டேமுஸ், 1979இல் பாரன்பாயிம், 1985இல் பிரெண்டல், 1990இல் பெராயா. பாடகர் ஒருவரே. பியானோவில் ஆள் மாற மாற நடை மாறுகிறது, இடைவெளிகள் மாறுகின்றன, அவர் மூச்சு விடும் இடம்கூட மாறுகிறது. 'பக்கவாத்தியம்தானே' என்று கடந்து போகிறவர் தொகுதியில் பாதியைக் கேட்கவே இல்லை.

காதல் முறிந்து, பனிக்காலத்தில் ஊரை விட்டு நடந்து போகிற ஒருவனின் பாட்டுகள் இவை. முதல் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். குரல் தொடங்கும் முன்பே பியானோ நடக்க ஆரம்பித்துவிடுகிறது. கடைசி வரை அதே காலடி. ஷூபர்ட் எழுதிய குறிப்பு 'மிதமாக, நடக்கும் வேகத்தில்' என்பது. இதை இழுத்து இழுத்து வாசித்தால் சோகம் கூடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கூடாது. நடக்கிற மனிதன் நின்றுவிடுவான், அவ்வளவுதான். கடைசிச் சரணத்தில் டி மைனர் என்ற சோகச் சாயல் டி மேஜர் என்ற தெளிந்த சாயலாகிறது. ஒரு ஸ்வரம் அரைப்படி ஏறுகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. சத்தமும் ஏறக் கூடாது. அந்த இடத்தில் பியானோ பளிச்சென்று வெளிச்சம் போட்டால் அந்தப் பதிவை மூடி வைத்துவிடலாம்.

7ஆம் பாடலில் அவன் உறைந்த ஆற்றிடம் பேசுகிறான். 'என் நெஞ்சே, இந்த ஓடையில் உன் உருவம் தெரிகிறதா' என்று கேட்கும் இடத்தில் மெட்டு பியானோவின் இடது கைக்கு, அடித்தளத்துக்குப் போய்விடுகிறது. பனிக்குக் கீழே ஓடும் நீர் அங்கேதான் இருக்கிறது. 15ஆம் பாடலின் காகம் மேல் ஸ்தாயியில் வட்டமிட்டு, முடிவில் கீழே இறங்குகிறது. 17ஆம் பாடலில் நாய்கள் குரைப்பதும் சங்கிலி குலுங்குவதும் பியானோவில்தான். பாடகர் வாயைத் திறக்கு முன்பே ஊர் உறங்கிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கண்ணீரைப் பாடும் 6ஆம் பாடலைப் பற்றி இந்தப் பக்கத்தில் பழைய சண்டை ஒன்று உண்டு. வலது கையில் மூன்று மூன்றாக ஸ்வரங்கள். இடது கையில் ஒரு நீண்ட ஸ்வரமும் ஒரு குட்டை ஸ்வரமும். அந்தக் குட்டை ஸ்வரம் மூன்றாவது ஸ்வரத்தோடு சேர்ந்து விழ வேண்டுமா, அதற்கு ஒரு நொடித் துணுக்கு பிந்தி விழ வேண்டுமா? 'பிந்தத்தான் வேண்டும், தள்ளாடும் கால் அது' என்று எழுதும் வாசகர்கள் இன்னும் ஓயவில்லை. அவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: ஷூபர்ட்டின் கையெழுத்துப் பிரதியில் அது மூன்றாவது ஸ்வரத்துக்கு நேர் கீழே எழுதப்பட்டிருக்கிறது. சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். பிந்தி வாசித்தால் கேட்பவர் கவனம் கண்ணீரை விட்டுத் தாளத்துக்குப் போய்விடுகிறது.

சுருதியும் இதோடு சேர்ந்த விஷயம். ஷூபர்ட் எழுதியது உயர்ந்த ஆண் குரலுக்கு. பாரிடோன், பாஸ் என்ற அதைவிடத் தாழ்ந்த குரல் பாடகர்கள் ஒரு படி, ஒன்றரைப் படி இறக்கிப் பாடுகிறார்கள். குரலுக்குச் சௌகரியம். ஆனால் இடது கை ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும் 17ஆம் பாடல் போன்றவை இன்றைய பெரிய பியானோவில் குழம்பிவிடும். ஷூபர்ட் காலத்து வியன்னா பியானோவுக்கு மரச்சட்டம், தோல் போர்த்திய சுத்தியல், சீக்கிரம் தேயும் ஒலி. கீழ் ஸ்தாயியிலும் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கும். பிரேகார்டியன் பாட ஷ்டையர் பழைய வகைப் பியானோவில் வாசித்த 1996 பதிவைக் கேட்டால் இது புரியும்.

இவ்வளவு வேலை செய்கிறவர் பெயரை இன்றைய பாட்டுச் செயலிகள் ஒளித்து வைக்கின்றன. பாடகர் பெயர் மேலே, பியானோக்காரர் பெயர் மூன்று தட்டு தட்டினால்தான் கீழே. இது அநியாயம். எத்தனை முறை எழுதினாலும் அநியாயம்தான். தேடும்போது இரண்டு பெயர்களையும் சேர்த்தே தேடுங்கள். பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

ஜெர்மன் தெரியாதது தடையல்ல. சோம்பல்தான் தடை. கவிதைகளின் மொழிபெயர்ப்பை முதலில் பாட்டில்லாமல் ஒரு தடவை படியுங்கள். பிறகு 1, 6, 24 ஆகிய மூன்றை மட்டும் இரண்டு பதிவுகளில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். முழுத் தொகுதி எழுபது நிமிடத்துக்குச் சற்று மேல். அதை ஒரே அமர்வில் கேட்பது அடுத்த கட்டம். 24ஆம் பாடலில் இடது கை முழுக்க ஒரே வெற்றுச் சுருதிதான். பாட்டில் வரும், கையால் சக்கரம் சுற்றி வாசிக்கும் வாத்தியக்காரனின் ரீங்காரம் அது. முதல் இரண்டு தாளக் கட்டங்களில் மட்டும் ஒரு சின்னப் பிசிறு ஸ்வரம் ஒட்டிக்கொண்டு வரும். வாத்தியம் சுருதி சேர்வதற்குள் எழும் அந்தப் பிசிறை மழுப்புகிறவர் நல்ல பியானோக்காரர் அல்லர்.

கவிஞரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடப்போவதில்லை. சென்னையில் ஜெர்மன் படிக்கிறவர்கள் மாக்ஸ் முல்லர் பவனுக்குப் போகிறார்கள். ரிக் வேதத்தைப் பதிப்பித்த அந்த மாக்ஸ் முல்லரின் அப்பாதான் இந்தக் கவிதைகளை எழுதிய வில்ஹெல்ம் முல்லர். 1827 செப்டம்பர் 30இல் இறந்தபோது மகனுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. பாடல்களின் முதல் பாதி வியன்னாவில் அச்சானது 1828 ஜனவரியில். இரண்டாம் பாதியின் அச்சுப் பிழைகளைத் திருத்திக்கொண்டே ஷூபர்ட்டும் அந்த நவம்பரில் போய்விட்டார். மகன் பெயரில் கட்டடம் இருக்கிறது. அப்பாவின் வரிகளை அங்கே ஒரு மாலையாவது முழுக்கப் பாடவைக்கலாம்.

'இது ஆண் பாட வேண்டிய பாட்டு' என்று கடிதம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாடகி லோட்டே லேமான் 1940களின் தொடக்கத்திலேயே இதைப் பதிவு செய்துவிட்டார். பிரிகிட்டே ஃபாஸ்பெண்டர் 1988இல் பாடியபோது பியானோவில் இருந்தவர் அரிபெர்ட் ரைமான், தானே ஓர் இசையமைப்பாளர். அந்தப் பதிவில் ஆறுதலே கிடையாது. இந்தத் தொகுதிக்கு அதுதான் நியாயம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒன்றே ஒன்று என்றால் பீட்டர் பியர்ஸ், பெஞ்சமின் பிரிட்டன், 1963. பியர்ஸின் குரல் முதலில் உறுத்தலாம். இரண்டு பாடல் பொறுத்துக்கொண்டு பிரிட்டனின் கையைக் கவனியுங்கள், குரல் தானே சரியாகிவிடும். உறுத்தல் போகவே இல்லையென்றால் ஃபிஷர்-டீஸ்காவ், டேமுஸ், 1965. ஆழ்ந்த குரல்தான் வேண்டுமென்றால் ஹான்ஸ் ஹாட்டர், மூர், 1954. அது மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலிப்பதிவு. பியானோ சற்றுப் பின்னால் நிற்கும், ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். 1933இல் கெர்ஹார்ட் ஹியூஷ் பாடியதைத் தேடிப் பிடித்தால், அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கம் நாலரை நிமிடத்துக்கு மேல் கொள்ளாது என்பதை மனதில் வைத்து அவருடைய வேகத்தை எடைபோடுங்கள். ஷ்ரையர் பாட, ரிக்டர் பியானோ வாசிக்க, 1985இல் டிரெஸ்டனில் மேடையில் தந்ததை மட்டும் முதலில் வாங்காதீர்கள். பிப்ரவரி மாதத்து அரங்கில் இருமல் ஓயாது, ரிக்டரின் நடையும் மிக மெதுவானது. நடையை இவ்வளவு தளர்த்தியும் அறுந்துபோகாமல் பிடித்து நிறுத்த அவரால் முடிந்தது. மற்ற பதிவுகளைக் கேட்டுக் காது பழகிய பிறகு அதற்குப் போனால்தான் அவர் செய்த காரியத்தின் அளவு தெரியும்.