வாசகர் கேள்வி – பதில்: பச்சையாகத் தெரியும் காடு நலமாகத்தான் இருக்கிறதா?

பிரிட்டனின் பாதுகாக்கப்பட்ட அகன்ற இலைக் காடுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சில இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: தென் இங்கிலாந்தில் எங்கள் மகள் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்தில் பழைய ஓக் காடு ஒன்று இருக்கிறது. பெரிய பெரிய மரங்கள். அடியில் புதரே கிடையாது. பூங்காவைப் போல அவ்வளவு சுத்தம். ஆனால் அரசுப் பதிவேட்டில் அதன் நிலை ‘சாதகமற்றது’ என்று குறித்திருக்கிறார்கள். இது எப்படி?

பதில்: விடை தங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘அடியில் புதரே கிடையாது’ என்று தாங்கள் பாராட்டாக எழுதியதைத்தான் மதிப்பீட்டாளர் கவலையோடு குறித்துக்கொண்டிருப்பார். அகன்ற இலைக் காடு என்பது உயரமான மரங்களின் கூட்டம் மட்டுமன்று. ஓக், ஆஷ், பீச் போன்ற மரங்கள் மேல் விதானமாகவும், ஹேசல், ஹாதார்ன் போன்ற சிறுமரங்களும் புதர்களும் நடு அடுக்காகவும், புளூபெல், வுட் அனிமனி போன்ற பூஞ்செடிகள் தரை அடுக்காகவும் அமைந்து, மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதுதான் அது முழுக்காடு. நடு அடுக்கு இல்லாமற்போனால், அதில் கூடு கட்டும் பறவைகளும், ஹேசல் கிளைகளில் ஏறித் திரியும் டார்மவுஸ் என்னும் சிற்றெலி வகையும் அங்கு வாழ முடியாது.

அதைவிடப் பெரிய குறை, அடுத்த தலைமுறை இல்லாமை. முந்நூறு வயதுப் பாட்டன் மரங்கள் எத்தனை இருந்தாலும், பத்து வயதுக் கன்றும் நாற்பது வயது இளமரமும் கண்ணில் படவில்லையென்றால், அந்தக் காடு வாரிசில்லாத வீடுதான். மரம் மெதுவாகச் சாவதால் இந்தக் குறை நம் ஆயுளில் வெளியே தெரிவதில்லை. காட்டுக்குள் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். நிலையை மதிப்பிடுகிறவரோ பெரும்பாலும் குனிந்துதான் நடக்க வேண்டியிருக்கிறது.

தாங்கள் கண்ட ‘சுத்தத்துக்கு’ மான்களே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. பிரிட்டனில் ஆறு வகை மான்கள் இருக்கின்றன; அவற்றுள் சிவப்பு மானும் ரோ மானும் மட்டுமே அந்த மண்ணுக்கு உரியவை. ஓநாயும் லின்க்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனையும் எப்போதோ அழிந்துவிட்டதால் இவற்றை அடக்க இயற்கையில் எதுவுமில்லை. அடுத்த முறை செல்லும்போது மரங்களின் கீழ்க்கிளைகளைச் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். தரையிலிருந்து ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரம் வரை இலையே இல்லாமல், அதற்கு மேல் கத்தரித்து விட்டாற்போல் நேர்கோடாகத் தழை தொடங்கினால், அது ஃபாலோ மானோ சிவப்பு மானோ எட்டிய உயரம். அந்தக் கோடு ஒரு மீட்டரை ஒட்டி இருந்தால் மண்ட்ஜாக்கின் வேலை. இது நம் கேளையாட்டின் சீனத்து உறவு. பெருந்தோட்டங்களில் அழகுக்காகக் கொண்டுவந்து வளர்க்கப்பட்டு, வெளியேறிப் பரவியது. கடித்த நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் கதை விளங்கும். மானுக்கு மேல் முன்பற்கள் இல்லாததால் தண்டைக் கடித்து இழுத்துத்தான் பிய்க்கிறது. நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்ததோ கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும்.

ஆயினும் எல்லாப் பழியையும் மானின் மேல் போட்டுவிடவும் கூடாது. ஓக் நாற்றுக்கு வெளிச்சம் வேண்டும். தாய்மரத்தின் நிழலில் அது தேறுவதில்லை. போதாக்குறைக்கு, 1900களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குள் நுழைந்த சாம்பல் பூஞ்சை நோயும் நிழலில் நிற்கும் ஓக் கன்றுகளை மேலும் நலியச் செய்கிறது. ஆகவே விவரமறிந்த மதிப்பீட்டாளர், அடர்நிழலில் ஓக் கன்று இல்லை என்பதற்காக உடனே மதிப்பெண்ணைக் குறைத்துவிட மாட்டார். மரம் விழுந்து வானம் தெரியும் இடைவெளிகளைத் தேடிச் சென்று, அங்கே கன்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுதுவார்.

கேள்வி: இந்த மதிப்பீட்டை எப்படிச் செய்கிறார்கள்? ஒருவர் நல்லது என்பார், இன்னொருவர் மோசம் என்பார் அல்லவா?

பதில்: அந்தச் சந்தேகம் அவர்களுக்கும் வந்ததால்தான் பொதுவான அளவுகோல் ஒன்று உருவானது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றி, 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தால் வலுப்பெற்ற ‘எஸ்.எஸ்.எஸ்.ஐ.’ எனப்படும் சிறப்பு அறிவியல் முக்கியத்துவத் தளங்களுக்காக, இயற்கைப் பாதுகாப்புக் கூட்டுக் குழு பிரிட்டன் முழுமைக்கும் பொதுவான கண்காணிப்பு நெறிகளை வகுத்தது. காடுகளுக்கான வழிகாட்டி 2004இல் வந்தது. இங்கிலாந்தில் அதைச் செயற்படுத்துவது நேச்சுரல் இங்கிலாந்து என்னும் அமைப்பு.

மதிப்பீட்டாளர் காட்டின் குறுக்கே வளைந்து வளைந்து நடப்பார். வழக்கமாகப் பத்து இடங்களிலாவது நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கேள்விகளுக்கு விடை எழுதுவார். கேள்விகள் ஐந்து தலைப்புகளில் அடங்கும்: காட்டின் பரப்பு குறைந்திருக்கிறதா, அடுக்கமைப்பும் இயற்கை நிகழ்வுகளும் எப்படி, மறுவளர்ச்சி உண்டா, மரங்களும் புதர்களும் கலந்திருக்கும் விதம் சரியா, அந்தக் காட்டுக்கே உரிய தனிச்சிறப்புகள் நீடிக்கின்றனவா. பொது இலக்குகளில் சிலவற்றைச் சொன்னால் எளிதில் விளங்கும். மேல் விதானம் பரப்பில் 50 முதல் 90 விழுக்காடு வரை மூட வேண்டும். நூற்றுக்கு நூறு மூடினால் அதுவும் குறையே. இரண்டு முதல் ஐந்து மீட்டர் உயரமுள்ள நடு அடுக்கு குறைந்தது 20 விழுக்காட்டுப் பரப்பில் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று வயதுப் பிரிவு மரங்கள் வேண்டும். எந்த அடுக்கை எடுத்தாலும் 95 விழுக்காடு அந்த மண்ணுக்குரிய இனங்களாகவோ, ஏற்றுக்கொள்ளப்பட்ட பழகிய இனங்களாகவோ இருக்க வேண்டும்.

கடைசி இலக்கில் பல காடுகள் தோற்பது ரோடோடென்ட்ரான் பாண்டிகம் என்னும் ஒரே புதரால்தான். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று நாம் வியந்து பார்க்கும் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த இது, 1763இல் பிரிட்டனுக்கு அழகுச் செடியாக வந்தது. மேற்குக் கரையோர ஈரக்காடுகளில் ஆண்டு முழுவதும் இலையுதிராமல் அடர்ந்து நின்று, அடியில் பாசிகூட முளைக்காதபடி இருட்டாக்கிவிடுகிறது. மே, ஜூன் மாதங்களில் அதன் ஊதாப் பூக்களைப் படமெடுக்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடிப்போகிறார்கள்.

அளவுகோல் இருந்தாலும் மனிதக் கண்ணின் வேறுபாடு முற்றாக நீங்கிவிடாது. விதானம் 60 விழுக்காடா 70 விழுக்காடா என்பதில் இருவர் வேறுபடலாம். 70ஆ 95ஆ என்பதில் வேறுபட மாட்டார்கள். வரம்புகளை அகலமாக வைத்திருப்பதன் நியாயம் அதுதான். பருவமும் முக்கியம். வசந்தத்தில் பூக்கும் தரைச்செடிகளை ஆகஸ்டில் போய்த் தேடினால் காய்ந்த தண்டுதான் கிடைக்கும்.

கேள்வி: விழுந்த மரங்களை அப்புறப்படுத்தாமல் அழுகவிடுவது அலட்சியம் இல்லையா?

பதில்: இல்லை. ஹெக்டேருக்கு, 20 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள வீழ்ந்த மரங்கள் மூன்றேனும் கிடக்க வேண்டும், நான்கு மரங்களேனும் நின்றபடியே பட்டுப்போக விடப்பட வேண்டும் என்பது அந்த வழிகாட்டியின் பொது இலக்குகளில் ஒன்று. உளுத்த மரத்தை நம்பி வாழும் வண்டுகளும் பூஞ்சைகளும் உயிர்மரத்தில் பிழைக்க மாட்டா. மரங்கொத்திக்கும் வௌவாலுக்கும் பட்டமரப் பொந்துதான் வீடு.

1987 அக்டோபர் 16 அன்று தென்கிழக்கு இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. பதறிப்போய், இயந்திரங்களைக் கொண்டு பல காடுகளைத் துப்புரவாக்கி மறுநடவு செய்தார்கள். கென்ட் மாவட்டத்தின் டாய்ஸ் ஹில் காட்டில் ஒரு பகுதியை மட்டும் விழுந்தது விழுந்தபடியே விட்டுவைத்தார்கள். சாய்ந்த மரங்களுக்கிடையே பிர்ச்சும் பீச்சும் தாமாகவே முளைத்து எழுந்தன. நடவுக்கு இருக்கும் மதிப்பு சற்று மிகையானது என்பது என் கருத்து. வழிகாட்டியும், மறுவளர்ச்சிப் பரப்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் நடவால் வந்ததாக இருக்கக் கூடாது என்றே சொல்கிறது.

கேள்வி: அப்படியானால் ஆஷ் மரங்களை அழித்துவரும் நோயை நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? உளுத்த மரம் நிறையக் கிடைக்குமே!

பதில்: குறும்பான கேள்வி, ஆனால் மதிப்பீட்டாளர்களையே திணற வைக்கும் கேள்வியும் கூட. கிழக்காசியாவிலிருந்து வந்த பூஞ்சையால் உண்டாகும் ஆஷ் நுனிக்கருகல் நோய், பிரிட்டனில் 2012இல் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. ஆஷ் மரங்களில் 80 விழுக்காடு வரை மடியலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆஷ் மரத்தோடு தொடர்புடைய உயிரினங்கள் 950க்கும் மேல் எனக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஆஷ் இல்லாவிட்டால் வேறு போக்கிடமே இல்லாதவை 45. வண்டுக்கு விருந்து கிடைத்தது என்று இந்த இழப்பைச் சரிக்கட்ட முடியாது.

வழிகாட்டியின்படி, அயல் உயிரினங்களாலோ இயற்கைக்குப் புறம்பான காரணங்களாலோ ஐந்தாண்டுக்குள் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரங்கள் செத்தால் அந்தக் காடு தேர்வில் தோற்றதாகவே கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆஷ் மிகுந்த காடுகள் பெரும்பாலும் தோற்கும். ஆனால் தோல்வி என்று எழுதுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. செத்த ஆஷ் விட்டுச்சென்ற வெளிச்சத்தில் எது எழுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். ஃபீல்டு மேப்பிள், லைம், ஹேசல் கன்றுகள் எழுந்தால் காடு மரத்தை இழந்திருக்கிறதே தவிரத் தன்னை இழக்கவில்லை. பிராம்பிள் முட்புதரும் கோரையும் மட்டும் மண்டி, கன்றுகளின் குருத்து ஒவ்வொன்றும் கிழிபட்டிருந்தால், பூஞ்சை தொடங்கியதை மான் முடித்துவைக்கிறது என்று பொருள். முன்னதைப் பெரும்பாலும் அதன் போக்கில் விடலாம்; பின்னதற்கு வேலியோ, மான் எண்ணிக்கைக் குறைப்போ உடனே வேண்டும்.

கேள்வி: ‘சாதகமற்றது, மீண்டு வருகிறது’ என்று ஒரு நிலை இருக்கிறதாமே? அரசுக்கு வசதியான சொல்லாகத் தோன்றுகிறது.

பதில்: ஓரளவு உண்மை. ‘சாதகமானது’, ‘சாதகமற்றது – மீண்டு வருகிறது’, ‘சாதகமற்றது – மாற்றமில்லை’, ‘சாதகமற்றது – சீர்கெடுகிறது’, ‘பகுதி அழிந்தது’, ‘அழிந்தது’ என்று நிலைகள் ஆறு. இவற்றுள் முதல் இரண்டையும் சேர்த்து, 2010க்குள் தளப்பரப்பில் 95 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்று இங்கிலாந்து அரசு இலக்கு வைத்தது; எட்டியும் காட்டியது. ஆனால் அப்போது உண்மையிலேயே ‘சாதகமான’ நிலையில் இருந்த பரப்பு 40 விழுக்காட்டுக்கும் குறைவு. மேலாண்மைத் திட்டம் கையெழுத்தானாலே ‘மீண்டு வருகிறது’ என்று பதிந்துவிடும் வழக்கம் இருந்ததால், தரையில் கன்று முளைப்பதற்கு முன்பே தாளில் காடு தேறிவிட்டது.

அதே சமயம், அந்த நிலையைப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. கேம்பிரிட்ஜ்ஷையரின் மங்க்ஸ் வுட் 1953 முதல் தேசிய இயற்கைக் காப்பிடம். 1990களில் அங்கே மண்ட்ஜாக்குகள் பெருகி, புளூபெல்லின் பூந்தண்டுகளைத் தின்றதோடு, வெட்டிய ஹேசல் அடிக்கட்டைகளில் துளிர்த்த மறுதாம்பையும் தலையெடுக்க விடவில்லை. பத்தாண்டின் பிற்பகுதியில் எண்ணிக்கையைக் குறைக்கத் தொடங்கிய பிறகு செடிகள் மெல்ல மெல்லத் திரும்பின. விதையிலிருந்து முளைத்த புளூபெல் பூக்கவே நாலைந்து ஆண்டுகள் ஆகும் என்பதால், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் காட்டுக்கு ‘மீண்டு வருகிறது’ என்பதைத் தவிர வேறு நேர்மையான பெயர் இல்லை. ஆதாரத்தோடு எழுதினால் அது நல்ல சொல்தான்.

எல்லாத் தளங்களுக்கும் 2028 ஜனவரி 31க்குள் புதிய மதிப்பீடு இருக்க வேண்டும் என்று இங்கிலாந்து அரசின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் மேம்பாட்டுத் திட்டம் கூறியிருந்தது.

கேள்வி: நிபுணர் அல்லாதவர் ஒரு காட்டின் நிலையை அறிய எதைப் பார்க்கலாம்?

பதில்: ஏப்ரல் கடைசியில் செல்லுங்கள். முதலில் காட்டின் ஓரத்தையும் பிறகு உள்பகுதியையும் ஒப்பிடுங்கள். ஓரத்தில் காஞ்சொறியும் ஒட்டிக்கொள்ளும் கிளீவர்ஸ் கொடியும் மண்டியிருந்தால் பக்கத்து வயலின் உரமோ, பண்ணையின் அம்மோனியாவோ உள்ளே வருகிறது. அந்தப் பட்டை எத்தனை அடி உள்ளே போகிறது என்று நடந்து அளந்து, அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அளந்து பாருங்கள்.

பிறகு வெளிச்சம் விழும் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் குந்தி உட்கார்ந்து, முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள மரக்கன்றுகளை எண்ணுங்கள். இடுப்பு உயரக் கன்றுகளையும், தலைக்கு மேல் வளர்ந்தவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். முதற்கணக்கு நூறாகவும் மற்ற இரண்டும் சுழியாகவும் வந்தால், அந்தக் காட்டில் பிறப்புக்குக் குறைவில்லை, பிழைப்புக்குத்தான் வழியில்லை. கன்றின் நுனியைக் கிள்ளாமல் விரலால் நிமிர்த்தி, கிழிந்திருக்கிறதா, சீவியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தேதியும் இடமும் சேர்த்து எழுதிய அந்தக் குறிப்பை, காட்டைப் பராமரிப்பவர்கள் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள்.