லாம்டா 1.28 வந்தால் வகுத்துவிடலாமா?

கேள்வி: மதுரை வட்டாரத்தில் இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள 1,500 பேர், இல்லாத 1,500 பேரின் மரபணுத் தரவு கையில் இருக்கிறது. மரபணு ஆய்வு மென்பொருளான பிளிங்க் 1.9-இல், ஒவ்வொரு ஸ்னிப்புக்கும் (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறும் ஒற்றை எழுத்து) நோயோடு தொடர்பு உண்டா என்று லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் ஓட்டி, முடிவை ஆர் மொழியில் படித்தேன். வயது, பால், 10 பிசி (வம்சாவளி வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறுகள்) சேர்த்தும் லாம்டா 1.28 (சோதனை மதிப்புகள் மொத்தமாக எவ்வளவு ஊதியிருக்கின்றன என்ற அளவு; 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும்). ‘ஜீனோமிக் கண்ட்ரோல் போட்டு வகுத்துவிடு’ என்கிறார் கைடு; அதாவது எல்லா ஸ்னிப்புகளின் சோதனை மதிப்பையும் லாம்டாவால் வகுப்பது. செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வகுத்தால் எண் 1-க்கு இறங்கிவிடும், கோளாறு அப்படியே கிடக்கும்.

முதலில் ஃபைலைத் திறந்து பாருங்கள். கோவேரியட் (வயது, பால், பிசி போன்ற கூடுதல் மாறிகள்) கொடுத்து ஓட்டினால், மறைக்கச் சொல்லாத வரை பிளிங்க் ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுதும். உங்கள் கணக்கில் ஒரு ஸ்னிப்புக்கு 13 வரி. ‘டெஸ்ட்’ பத்தியில் ‘ஏடிடி’ என்றிருப்பது மட்டுமே ஸ்னிப்பின் பி-மதிப்பு. மீதி 12 வரியும் வயது, பால், பிசிகளுடையவை. மொத்தத்தையும் ஆரில் ஏற்றி மீடியன் எடுத்தால் வருகிற லாம்டாவுக்கு அர்த்தமே இல்லை. இது அடிக்கடி நடக்கிறது. ஏடிடி வரிகளைப் பிரித்து, பி-மதிப்புகளைக் கை-ஸ்கொயராக மாற்றி, மீடியனை 0.455-ஆல் வகுங்கள். 1.05-க்குள் வந்தால் வேலை முடிந்தது.

வரவில்லையா? கேஸ்களை (நோய் உள்ளவர்கள்) ஒரு பேட்ச்சிலும் கண்ட்ரோல்களை (இல்லாதவர்கள்) வேறு பேட்ச்சிலும் மரபணு படிக்கும் சிப்பில் ஓட்டியிருந்தால், 50 பிசி போட்டாலும் சரியாகாது. பிசிஏ-வுக்கு (பிசிகளை எடுக்கும் கணக்கு) முன் எல்டி ப்ரூனிங் செய்து, அதாவது ஒன்றோடொன்று சேர்ந்தே வரும் ஸ்னிப்புகளைக் களைந்து (பிளிங்க்கில் வழக்கமான அமைப்பு 50, 5, 0.2), 6-ஆம் குரோமோசோமில் நோயெதிர்ப்பு மரபணுக்கள் உள்ள ஹெச்எல்ஏ பகுதியை நீக்கினீர்களா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியென்றால், என் சந்தேகம் உறவுமுறை மீதுதான். அக்காள் மகள், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிற ஊர் நம்முடையது. சாதிக்குள்ளேயே திருமணம் என்பதும் தலைமுறை தலைமுறையாக நடப்பது. 3,000 பேரில் ஒருவருக்கொருவர் தெரியாத சொந்தக்காரர்கள் இருப்பார்கள். பிசி அதைப் பிடிக்காது. சேஜ் (SAIGE) மென்பொருளில் உள்ளது போன்ற மிக்ஸட் மாடலுக்கு மாறுங்கள். உறவு அளவையும் சேர்த்துக் கணக்கிடும். அதே காரணத்தால் ஹார்டி-வைன்பர்க் வடிகட்டியையும் (மரபணு வகைகள் எதிர்பார்த்த விகிதத்தில் இல்லாத ஸ்னிப்புகளை நீக்கும் சோதனை) இறுக்க வேண்டாம். சொந்தத் திருமணத்தில் ஹெட்டிரோசைகோட்டுகள் (ஒரு ஸ்னிப்பின் இரு பிரதிகளும் வேறாக இருப்பவர்கள்) குறைவது இயல்பு. கண்ட்ரோல்களில் மட்டும் சோதித்து, பி-மதிப்பு 0.000001-க்குக் கீழே போகும் ஸ்னிப்புகளை மட்டும் நீக்குங்கள்.

யாராவது எல்டி ஸ்கோர் ரிக்ரெஷன் (லாம்டா ஊதுவது கோளாறாலா, பல மரபணுக்களின் உண்மை விளைவாலா என்று பிரித்துப் பார்க்கும் முறை) பக்கம் கைகாட்டினால் போகாதீர்கள். 3,000 பேர் அதற்குப் போதாது. ஐரோப்பியரை வைத்துத் தயாரித்த எல்டி ஸ்கோர்கள் உங்கள் மாதிரிக்குப் பொருந்தவும் செய்யாது.