மலேரியா மாத்திரை வைரஸைக் கொல்லுமா? மருந்தியல் கேள்வி பதில்

கேள்வி (சேலம்): ஐயா, ஆய்வகத்தில் கொரோனா வைரஸைத் தடுத்த மலேரியா மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயின் நோயாளிகளிடம் ஏன் பலிக்கவில்லை?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. முதலில் சோதித்தது வீரோ செல்களில். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. அவற்றுக்குள் வைரஸ் புக எண்டோசோம் என்னும் அமிலப் பையைத்தான் நம்பியிருக்கிறது. மருந்து அந்த அமிலத்தைத் தணித்ததும் வழி அடைபடும். நம் நுரையீரல் செல்லின் மேற்பரப்பிலோ டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி உண்டு. வைரஸின் கூர்முனைப் புரதத்தை அது வெளியிலேயே வெட்டிக் கொடுப்பதால், பையின் தயவு இல்லாமலே வைரஸ் நுழைந்துவிடும். 2020-இல் நுரையீரல் செல்களில் சோதித்தபோது மருந்து தோற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் 27 சதவீதம் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 3,155 பேரில் 25 சதவீதம். பலன் இல்லை என்பது அங்கேயே தெளிந்தது.

கேள்வி: டெங்குவுக்கு?

பதில்: வியட்நாமில் இதன் நெருங்கிய உறவான குளோரோகுயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் நாட்கள் குறையவில்லை.

கேள்வி (தூத்துக்குடி): 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது குளோரோகுயின் போட்டேன். சில நாளில் காய்ச்சல் விட்டதே!

பதில்: போடாதவர்களுக்கும் விட்டது. இந்தியப் பெருங்கடலின் ரியூனியன் தீவில் அதே நோய்க்கு இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 200 நாட்கள் கழித்து மூட்டுவலி அதிகம் சொன்னவர்கள் மருந்து எடுத்தவர்களே.

அதே வாசகர்: என் உடம்பு சொல்வதைவிட ஆய்வு பெரிதா?

பதில்: உங்கள் வலியையோ நலத்தையோ நான் மறுக்கவில்லை. மாத்திரை போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் உடம்பால் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் மருந்து எடுக்காத இரண்டாவது குழு.

கேள்வி: மீதமுள்ள மாத்திரையைக் காய்ச்சலுக்குப் போடலாமா?

பதில்: கூடாது. இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால் ஆபத்து கூடும். பிரேசிலின் மனாஸ் நகரில் கொரோனா நோயாளிகளுக்கு அதிக அளவு குளோரோகுயின் கொடுத்த குழுவில் இறப்பு கூடியதால், அந்த அளவையே பாதியில் நிறுத்தினார்கள்.

கேள்வி: கொரோனா தடுப்புக்கு வாரம் ஒன்று போடலாமா?

பதில்: அதுவும் கூடாது, மேலே சொன்ன காரணங்களே. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: அரை மாத்திரையாவது?

பதில்: கூடாது.

கேள்வி (திருச்சி): அம்மா லூபஸுக்கு (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிடுகிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அந்த நோயைக் கட்டுக்குள் வைப்பதே இதுதான். 2020-இல் ஊரெல்லாம் வாங்கிப் பதுக்கியதில் கிடைக்காமல் அலைந்தவர்கள் இவர்களைப் போன்றவர்களே. ஐந்து ஆண்டுகள் தாண்டியிருந்தால் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள்.